பால்மறந்த குழந்தை: 131-ஆம் சங்கீதம் காட்டும் வழி

சங்கீத புத்தகத்தில் 119-ஆம் சங்கீதம் 176 வசனங்களோடு நீண்டு கிடக்கிறது. அதிலிருந்து சில பக்கங்கள் தள்ளினால் மூன்றே வசனங்களில் முடிந்துவிடுகிற 131-ஆம் சங்கீதம் வருகிறது. ஞாயிறு ஆராதனையில் வாசிக்க எழுந்து நிற்பவர் மூச்சு வாங்குவதற்குள் இது முடிந்துவிடும் என்பதால், இதைக் காதால் கேட்டவர்கள் பலர் இருந்தாலும் இதனிடத்தில் தங்கிப் பார்த்தவர்கள் குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது. என் உள்வாழ்வு எந்த நிலையில் இருக்கிறது, எந்தப் பக்கமாக வளர வேண்டும் என்று அறிய விரும்பும்போதெல்லாம் நான் போய் நிற்கிற இடம் இந்த மூன்று வசனங்கள்தான். அவற்றை முழுவதுமாகவே இங்கே தருகிறேன்.

“கர்த்தாவே, என் இருதயம் இறுமாப்புள்ளதல்ல, என் கண்கள் மேட்டிமையுள்ளவைகளுமல்ல; பெரிய காரியங்களிலும், எனக்கு மிஞ்சின கருமங்களிலும் நான் தலையிடுகிறதும் இல்லை. தாயின் பால்மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன். என் ஆத்துமா பால்மறந்த குழந்தையைப்போல் இருக்கிறது. இஸ்ரவேலே, இதுமுதல் என்றென்றைக்கும் கர்த்தரை நம்பியிருப்பாயாக.”

இது தாவீதின் பெயரால் வழங்கும் ஆரோகண சங்கீதம். 120 முதல் 134 வரை வரிசையாக வருகிற பதினைந்து சங்கீதங்களுக்கு ஆரோகண சங்கீதங்கள் என்று பெயர். பஸ்கா, வாரங்களின் பண்டிகை, கூடாரப்பண்டிகை என்று வருஷத்தில் மூன்று முறை எருசலேமுக்கு ஏறிப்போன யாத்திரிகர்கள் வழிநெடுகப் பாடிய பாடல்கள் இவை என்பது வேத அறிஞர் பலருடைய கருத்து. எரிகோ கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. எருசலேமோ ஏறக்குறைய 750 மீட்டர் உயரத்தில் மலைமேல் இருக்கிறது. அந்த வழியாக வந்தவர்கள் மூச்சிரைக்க ஏறித்தான் வந்திருப்பார்கள்.

செட்டிநாட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு, இந்தப் பாடல்களில் பெரும்பாலானவை ஏன் இவ்வளவு சிறியவை என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தை மாதத்தில் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகக் காவடியோடு பழனிக்கு நடக்கிற நகரத்தார் கூட்டத்தையும், ஆகஸ்ட் மாதக் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்தை நோக்கிக் காவி உடுத்தி நடக்கிற கத்தோலிக்கக் குடும்பங்களையும் நாங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறோம். நடக்கிறவர்கள் நீண்ட பாட்டை எடுப்பதில்லை. ஒருவர் ஒரு வரி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் அதையே வாங்கிப் பாடி, அந்த ஒரு வரியிலேயே அடுத்த ஊர் எல்லை வரைக்கும் போய்விடுவார்கள். 131-ஆம் சங்கீதத்தையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஒரு வரியோடு பல நாள் நடந்தால்தான் அது உள்ளே இறங்கும்.

முதல் வசனத்திலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். ‘என் இருதயம் இறுமாப்புள்ளதல்ல’ என்று ஒருவன் தன்னைப் பற்றித் தானே சொல்வது எப்படித் தாழ்மையாகும், அதுவே ஓர் இறுமாப்பு அல்லவா என்று எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கு விடை, அந்த வசனம் யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதில் இருக்கிறது. ‘கர்த்தாவே’ என்றுதான் சங்கீதம் தொடங்குகிறது. அண்டை அயலாரிடம் தன் தாழ்மையைச் சொல்லிக்காட்டுகிறவன் பெருமைக்காரன்தான். ஆனால் இருதயத்தை ஆராய்ந்து அறிகிறவர் முன்னால் நின்று, அவர் ஏற்கெனவே அறிந்ததைத் தன் வாயால் சொல்லப் பார்க்கிறவன், சொல்லும்போதே தன் சொல் எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதைக் கேட்டுவிடுகிறான். நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் பேராயராக இருந்த அத்தனாசியு, மார்செல்லீனு என்பவருக்கு எழுதிய கடிதத்தில், சங்கீதங்கள் அவற்றைப் பாடுகிறவனுக்குக் கண்ணாடிபோல் ஆகின்றன என்று எழுதினார். வேதத்தின் மற்றப் பகுதிகளில் பிறர் சொன்னதை நாம் கேட்கிறோம். சங்கீதத்திலோ அந்தச் சொற்கள் நம்முடைய வாயிலிருந்தே வருகின்றன. ஆகையால், இன்றைக்கு என் இருதயம் இறுமாப்புள்ளதல்ல என்று என்னால் சொல்ல முடியாத நாட்களில் நான் இந்த வசனத்தைத் தாண்டிப் போவதில்லை. அதையே ஒரு கேள்வியாக்கி அவர் முன் வைத்துவிடுகிறேன்.

அந்த வசனத்தின் வரிசையையும் கவனிக்க வேண்டும். முதலில் இருதயம், அடுத்து கண்கள், அதற்கும் பிறகு காரியங்கள். பெருமை உள்ளே பிறந்து, கண்வழியாக வெளியே எட்டிப்பார்த்து, கடைசியில் கையை நீட்டுகிறது. தாவீதின் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. சாயங்காலத்தில் அரமனை உப்பரிகையில் உலாத்தியபோது அவன் கண்கள் கீழே ஒரு வீட்டில் போய் விழுந்ததும், அங்கிருந்து அந்த வீட்டுப் பெண்ணோடு விபசாரமும் அவள் கணவன் உரியாவின் கொலையும் வரிசையாக வந்ததும் இரண்டாம் சாமுவேல் 11-ஆம் அதிகாரத்தில் ஒளிவுமறைவில்லாமல் எழுதப்பட்டிருக்கின்றன. மேலே நின்று கீழே பார்க்கிற பார்வைக்கு அந்த அரசன் கொடுத்த விலை பெரிது. ஆகவே இந்தச் சங்கீதத்தை, பெருமை என்றால் என்னவென்றே அறியாத ஒரு சாதுவின் பாடலாக என்னால் வாசிக்க முடிவதில்லை.

தாவீதின் கதையில் 131-க்கு மிகப் பொருத்தமான இடமாக எனக்குப் படுவது அதே புத்தகத்தின் 7-ஆம் அதிகாரம். கேதுருமர வீட்டில் குடியிருக்கிற அரசனுக்கு, தேவனுடைய பெட்டி திரைகளின் நடுவே இருக்கிறதே என்ற உறுத்தல் வருகிறது. ஆலயம் கட்ட வேண்டும் என்கிறான். தீர்க்கதரிசியான நாத்தானும் முதலில் சரி என்கிறார். அன்று இராத்திரியே வேறு வார்த்தை வருகிறது: கட்டப்போவது நீ இல்லை, உன் மகன். வாழ்நாளின் மிகப் பெரிய விருப்பம் மறுக்கப்பட்ட அந்த நேரத்தில் தாவீது என்ன செய்தான் என்று பாருங்கள். உள்ளே போய்க் கர்த்தருடைய சமுகத்தில் இருந்து, “நான் எம்மாத்திரம்? என் வீடும் எம்மாத்திரம்?” என்றான்.

பெரிய வீடுகளின் நடுவே வாழ்கிற எனக்கு அந்தக் கேள்வி அன்றாடம் கண்ணில் படுகிறது. எங்கள் பக்கத்து வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டவை. பர்மாத் தேக்குத் தூண்களும், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும், முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புச் சுவரும், நிமிர்ந்து பார்க்க வேண்டிய உயரமான அடித்தளமும் கொண்டவை. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் உழைத்துச் சேர்த்த செல்வம் அது. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனபோது அந்தச் செல்வத்தின் பெரும்பகுதி போயிற்று. இன்று பல வீடுகள் கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கும் மட்டும் திறக்கப்படுகின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த மனிதர்கள் தங்களுக்கு மட்டும் கட்டிக்கொண்டவர்கள் அல்லர். காரைக்குடியில் ஆராய்ச்சி நிலையம் அமைவதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததும், 1948-இல் நேரு வந்து அதற்கு அடிக்கல் நாட்டியதும் இந்த ஊர் மறக்காத செய்திகள். பெரிய காரியம் செய்வது தவறு என்று சங்கீதம் சொல்லவில்லை என்பதற்கு எனக்கு இந்த ஊரே சான்று. ஆலயம் கட்டும் பொறுப்பு தனக்கில்லை என்று அறிந்த பிறகும் தாவீது சும்மா இருக்கவில்லை. கல்லும் இரும்பும் கேதுருமரமும் சேர்த்துவைத்து மகனிடம் ஒப்படைத்தான் என்று முதலாம் நாளாகமம் 22-ஆம் அதிகாரம் சொல்கிறது. காரியம் நடக்க வேண்டும், ஆனால் அது என் பெயரில்தான் நடக்க வேண்டும் என்கிற பிடி மட்டும் தளர்ந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘எனக்கு மிஞ்சின கருமங்களில் நான் தலையிடுகிறதில்லை’ என்பது ஒருவர் தன்னைக் குறித்துச் சொல்லிக்கொள்ள வேண்டிய சொல். இன்னொருவரிடம் போய்ச் சொல்லக்கூடிய சொல் ஒருபோதும் அன்று. இந்தச் சீமையின் கிராமங்களில் ‘உனக்கு மிஞ்சினதைப் பேசாதே’ என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக் குனிந்து போன மக்கள் இருக்கிறார்கள். சபைக் கூட்டங்களிலும் ஆண்கள் நடுவே கேள்வி கேட்க எழுந்த பெண்கள் இதே தொனியில் உட்காரவைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களிடம் இந்த வசனத்தை நீட்டுவது வேதத்தைக்கொண்டே அநியாயம் செய்வதாகும். பாடுகிறவன் அரசன் என்பதை மறக்கக் கூடாது. அதிகாரம் உள்ளவன் தானாக இறங்கி வருவது தாழ்மை. இல்லாதவனை மேலும் அமுக்குவதற்குப் பெயர் வேறு. இந்தச் சங்கீதத்தைப் பாடியது ஒரு பெண்ணாக, குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு தாயாகக்கூட இருக்கலாம் என்று சொல்லுகிற அறிஞர்களும் உண்டு. அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதை வைத்து வாதாடப் போவதில்லை.

என்னுடைய வாழ்வில் ‘மிஞ்சின கருமம்’ என்பது ஒரு கேள்வியின் வடிவில் வந்தது. என் அப்பா பக்கவாதம் வந்து பேச்சிழந்து நெடுநாள் படுக்கையில் கிடந்தார். சபையார் உபவாசமிருந்து ஜெபித்தார்கள். நாங்களும் இரவும் பகலும் ஜெபித்தோம். அவர் எழுந்திருக்கவில்லை. ஏன் என்ற கேள்வி எனக்குள்ளே மற்ற எல்லாச் சொற்களையும் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது. விசுவாசம் போதவில்லை என்று விளக்கம் சொன்னவர்கள் இருந்தார்கள்; வேறு பெரிய நோக்கம் இருக்கும் என்றவர்களும் இருந்தார்கள். இரண்டும் எனக்கு உதவவில்லை, ஏனென்றால் இரண்டுமே கடவுளின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டது போலப் பேசின. யோபு அதிகாரம் அதிகாரமாகக் கேள்வி கேட்டான். அதற்காகத் தேவன் அவனைத் தள்ளிவிடவில்லை, விளக்கம் சொல்ல வந்த நண்பர்கள் மேல்தான் கோபம் கொண்டார். ஆகவே கேட்பது பாவம் அல்ல. கேட்டுக் கேட்டு, பதில் என் கைக்கு அடங்குகிற அளவில் வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் 131-ஆம் சங்கீதத்தின் இடம். “மறைவானவைகள் நம்முடைய தேவனாகிய கர்த்தருக்கே உரியவைகள்” என்று உபாகமம் 29-ஆம் அதிகாரத்தில் வருகிற வாக்கியத்தை அதுவரை நான் ஒரு பூட்டிய கதவாகத்தான் பார்த்திருந்தேன். பிறகு அது என் தோளிலிருந்து சுமையை இறக்கிவைத்தது. அப்பாவின் மரணத்துக்கு நியாயம் கண்டுபிடிக்கிற வேலை எனக்குக் கொடுக்கப்படவில்லை.

இனி இரண்டாம் வசனம். இந்தச் சங்கீதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஆத்துமாவின் அமைதிக்கு உவமை சொல்ல வேண்டுமென்றால் யாருக்கும் பால் குடித்துக் கண் மூடிக் கிடக்கிற கைக்குழந்தைதான் முதலில் நினைவுக்கு வரும். சங்கீதக்காரன் அதை எடுக்கவில்லை. பால் மறந்த குழந்தையை எடுத்தான். பழைய இஸ்ரவேலில் பால் மறக்கடிப்பது இரண்டு மூன்று வயதில்தான் நடந்தது. தன் மகனுக்கு மூன்று வருஷம் பால் கொடுத்ததாகச் சொல்கிற ஒரு தாயை இரண்டாம் மக்கபேயர் புத்தகத்தில் பார்க்கிறோம். ஈசாக்கு பால் மறந்த நாளில் ஆபிரகாம் பெரிய விருந்து பண்ணினான். அன்னாள் சாமுவேல் பால் மறக்கும்வரைக்கும் வீட்டிலே வைத்திருந்து, அதன்பின் சீலோவுக்குக் கொண்டுபோய்க் கர்த்தருடைய ஆலயத்தில் விட்டாள். வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போனாள். ஆகவே நாம் மனதில் வைக்க வேண்டியது, நடக்கவும் பேசவும் ‘வேண்டாம்’ என்று சொல்லவும் தெரிந்த ஒரு பிள்ளையை. தாயை விட்டு ஓடவும் அதற்குக் கால் இருக்கிறது, திரும்பி வரவும் கால் இருக்கிறது.

என் தங்கை மகள் பால் மறந்தது எங்கள் வீட்டில்தான். வேப்பிலையை அரைத்துத் தடவிக்கொண்டு தங்கை உட்கார்ந்தாள். பிள்ளை ஆசையோடு வந்து வாய் வைத்து, முகம் சுளித்து, தாயின் முகத்தை அண்ணாந்து பார்த்தது. அந்தப் பார்வையில் இருந்தது கோபம் அல்ல. இவ்வளவு நாள் இனித்த இடம் எப்படிக் கசந்தது என்ற திகைப்பு. அதற்குப் பிறகு அழுகை, காலை உதைத்தல், பாலைச் சீசாவில் கொடுத்தால் தட்டிவிடுதல். இரவில் தங்கையும் சேர்ந்து அழுதாள். அண்டை வீட்டு ஆச்சி முற்றத்தைத் தாண்டி வந்து எட்டிப் பார்த்து, “ரெண்டு மூணு நாளைக்கு வீட்டையே ரெண்டாக்கிடும் டீச்சர். அப்புறம் பாருங்க, தானா வந்து மடியில உக்காந்துக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னபடியே ஆயிற்று. ஒரு பிற்பகலில் அந்தப் பிள்ளை விளையாட்டை விட்டு எழுந்து வந்து, தாயின் மடியில் ஏறி, முந்தானை நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நெருடிக்கொண்டு, மார்பைத் தேடாமல், எதையும் கேட்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அதற்கு முன்பெல்லாம் அவள் மடிக்கு வந்தது பாலுக்காக. அன்றைக்கு அவள் வந்தது அம்மாவுக்காக. அந்த மாற்றம் கசப்பைக் கடக்காமல் வந்திருக்காது என்பதையும், அந்தக் கசப்பைத் தடவியது பகைவன் இல்லை, தாயேதான் என்பதையும் நான் கண்முன்னே பார்த்தேன். என் ஜெபத்துக்கு நடந்ததும் அதுதான். அப்பா போன பிறகு, முழங்காலில் நின்றால் கேட்பதற்கு எதுவும் இல்லாமல் போயிற்று; கேட்டுப் பெறுவதற்கான நேரமாகவே அதுவரை ஜெபத்தை வைத்திருந்ததால், கேட்பதற்கு இல்லாதபோது அங்கே போவதற்கும் காரணம் இல்லாதது போல் இருந்தது. அந்த வெறுமையை விசுவாசத்தின் முடிவு என்று எண்ணிவிடாமல் என்னைக் காத்தது இந்த இரண்டாம் வசனம். ஆவிக்குரிய வளர்ச்சி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தப் பால்மறத்தல்தான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். ஜெபித்தவுடன் கிடைக்கிற ஆறுதல், பாடும்போது வருகிற கண்ணீர், கேட்டது நடந்ததால் பொங்குகிற சாட்சி எல்லாம் நல்ல பால்தான். அவற்றைக் கொடுத்தவரும் அவரே. அவை வற்றிப்போகிற காலத்திலும் மடியைத் தேடி வருகிற ஆத்துமா, தான் யாரை நேசிக்கிறது என்பதை அப்போதுதான் அறிகிறது.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இதைச் சொன்னபோது, மகனைச் சிங்கப்பூருக்கு வேலைக்கு அனுப்பியிருக்கிற ஓர் அம்மா, “அப்படின்னா இனிமே பிள்ளைக்காக ஒண்ணும் கேக்கக் கூடாதா டீச்சர்?” என்று கலக்கத்தோடு கேட்டார்கள். கேட்க வேண்டும். பால் மறந்த குழந்தை பட்டினி கிடப்பதில்லை. பசித்தால் அதே தாயிடம்தான் சோறு கேட்கிறது. அன்றன்றைக்கு வேண்டிய ஆகாரத்தைக் கேட்கும்படி ஆண்டவரே கற்பித்திருக்கிறார். கெத்செமனேயில் அவரும் கேட்டார்; கேட்டுவிட்டு, “என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது” என்றார். கேட்டது கிடைக்காத நாளில் மடியை விட்டு இறங்கிப் போய்விடாதிருப்பதைப் பற்றித்தான் நான் பேசினேன் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர்கள் சிறிது நேரம் யோசித்து, தன் மகனுடைய பெயரைச் சொல்லியே அன்றைக்கு ஜெபித்தார்கள்.

‘அடக்கி அமரப்பண்ணினேன்’ என்று வசனம் சொல்வதால், இந்த அமைதி தானாக வந்து இறங்கியது அன்று, ஆத்துமாவோடு போராடிப் பெற்றது என்பதும் விளங்குகிறது. அதேவேளை, பலவந்தமாகப் பெறக்கூடியதும் அன்று. ஊருணித் தண்ணீர் எடுத்துக் குடித்த காலத்தில் என் அப்பத்தா மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை இழைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி மூடிவைப்பார்கள். கலங்கல் அடியில் போய்த் தங்குகிறவரைக்கும் பானையை யாரும் அசைக்கக் கூடாது. இழைப்பது நம்முடைய வேலை, தெளிவது நம் கையில் இல்லை. இந்தச் சங்கீதத்தை அந்த முறையில்தான் நான் வாசிக்கிறேன். இரவுச் சாப்பாடு முடிந்து, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, சத்தமாக ஒருமுறை வாசிக்கிறேன். உலகத்தில் நடக்கிற ஒவ்வொன்றுக்கும் உடனே கருத்துச் சொல்லியாக வேண்டும் என்று அந்தச் சின்னக் கருவி நம்மைப் பழக்கிவிட்டதால், ‘மிஞ்சின கருமங்கள்’ என்ற சொல்லை வாயால் சொல்வதற்கு முன்னால் அதைத் தள்ளிவைப்பது எனக்கு அவசியமாகப்படுகிறது.

முதல் வசனத்தை அன்றைய நாளின்மேல் வைத்துப் பார்க்கிறேன்: எந்த இடத்தில் என் கண் உயர்ந்தது, யாரைக் கீழே பார்த்தது, எந்தக் காரியத்தை எனக்கு உரியதல்ல என்று தெரிந்தும் கையில் எடுத்தேன். இதில் நீண்ட நேரம் செலவிடுவதில்லை. தன்னையே தோண்டிக்கொண்டிருப்பதும் ஒருவகையான தன்னலம்தான். இரண்டாம் வசனத்துக்கு வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டு அமைதியாக இருக்கிறேன். மனம் ஓடும், பள்ளிக்கூடத்துக்கும், மகளின் படிப்புக்கும், அப்பாவின் கட்டிலுக்கும் போகும். திட்டாமல் திரும்ப அழைத்துக்கொண்டு வந்து ‘பால்மறந்த குழந்தையைப்போல்’ என்ற அந்த ஒரு சொற்றொடரை மட்டும் மறுபடி சொல்கிறேன். சில இரவுகளில் ஒன்றும் நிகழ்வதில்லை. அப்படிப்பட்ட இரவுகளையும் வீண் என்று நான் எண்ணுவதில்லை, ஏனென்றால் ஏதாவது நிகழ வேண்டும் என்று எதிர்பார்த்து உட்காருவது மறுபடியும் பாலைத் தேடுவதாகும்.

மூன்றாம் வசனம் திடீரென்று இஸ்ரவேலை நோக்கித் திரும்புகிறது. தனியாகத் தாயின் மடியில் இருந்தவன் எழுந்து, தன்னோடு மலையேறுகிற கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறான். உள்வாழ்வு என்பது கதவைச் சாத்திக்கொண்டு தனக்குள் வளர்த்துக்கொள்கிற பொருள் என்று எண்ணுகிறவர்களுக்கு இந்தத் திருப்பம் ஒரு நல்ல திருத்தம். அப்பாவின் நோய்க்காலத்தில் எனக்கு உண்மையில் துணையாக இருந்தவர்கள் விளக்கம் சொன்னவர்கள் இல்லை. தாங்களும் இழந்து, அழுது, அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்கள். கணவரை இழந்த ஒரு பெரியம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் ஆராதனை முழுவதும் பக்கத்தில் இருந்தார்கள். ‘கர்த்தரை நம்பியிருப்பாயாக’ என்று அவர்கள் எனக்குச் சொன்னவிதம் அதுதான்.

இந்த வாக்கியம் முந்தின சங்கீதத்திலும் வருகிறது. “கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்” என்று தொடங்குகிற 130-ஆம் சங்கீதத்தின் முடிவிலும் இஸ்ரவேல் கர்த்தரை நம்பியிருக்கும்படி அழைக்கப்படுகிறது. ஆகையால் 131-ஐ முதன்முதலாக வாசிக்கப் போகிறவர்கள் 130-லிருந்து தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆழத்தில் கிடந்து கூப்பிட்டு, விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைப் போலக் காத்திருந்தவர்களுக்கே இந்த மடி புரியும். இப்போது அழுகிறவர்களை அழுகையை நிறுத்திவிட்டு 131-க்கு வரும்படி யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

அதேபோல 131-ஓடு நிறுத்தியும் விடக் கூடாது. அடுத்த சங்கீதத்தில் அதே தாவீது வேறு ஆளாகத் தெரிகிறான். கர்த்தருக்கு ஓர் இடத்தைக் காணுமட்டும் என் கண்களுக்கு நித்திரையும் என் இமைகளுக்கு உறக்கமும் வரவிடேன் என்று ஆணையிடுகிறான். முந்தின பாடலில் பெரிய காரியங்களில் தலையிடுவதில்லை என்றவன், இங்கே ஒரு பெரிய காரியத்துக்காக உறங்க மறுக்கிறான். இந்த இரண்டும் முரண் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனக்காக எதையும் பிடித்து இழுக்காத மனம் மட்டுமே பிறருக்காகவும் கர்த்தருக்காகவும் தூக்கத்தை விட்டு உழைத்தும் பெருமைகொள்ளாமல் இருக்க முடியும் என்று நினைக்கிறேன். இதை இன்னும் ஆழமாகப் பார்ப்பதற்காக அடுத்த மாதம் ஐக்கிய சங்கத்தில் 132-ஆம் சங்கீதத்தை எடுக்கப் போகிறோம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் 130, 131, 132 ஆகிய மூன்றையும் இதே வரிசையில் மனப்பாடம் செய்யும்படி இப்போதே சொல்லியிருக்கிறேன்.